வெளிமூச்சிற் கண்ட கணக்கு

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, சங்க இலக்கியத்திலிருந்தோ திருமுறையிலிருந்தோ ஒரு பொருளை யாம் எடுத்துக்கொள்வோம் என்றே எண்ணியிருப்பர். அவ்வாறு எழுதுதல் எமக்கும் எளிது. ஆயினும் இம்முறை மருத்துவ அறிவியலைச் சார்ந்த ஒன்றை எழுதத் துணிந்தோம். துணிவுக்குக் காரணம் எமது பிழை ஒன்றேயாம். அதனை முதலிற் கூறிவிடுகின்றோம்.

2022 ஆம் ஆண்டிலே உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்ற மாணவன் ஒருவன், அறிவியல் மன்றக் கூட்டத்திற் படிப்பதற்காகத் தான் எழுதிய கட்டுரையை எம்மிடம் கொணர்ந்தான். "சேர், தமிழை மட்டும் பார்த்துத் தாருங்கள்" என்றான். மனிதர் வெளிவிடும் மூச்சிலே நைத்திரிக்கொட்சைட்டு என்னும் வாயு மிகச் சிறிதளவு உண்டென்றும், அதனை அளந்து நுரையீரலின் நிலையை அறியலாம் என்றும் அவன் எழுதியிருந்தான். அதிலே ஒரு வாக்கியம்: "இவ்வாயு மூச்சில் மிகுந்திருப்பின் அழற்சி உண்டு, குறைந்திருப்பின் நோய் இல்லை." இரு பகுதியும் ஒன்றையொன்று நிறுத்தாற்போல் நின்ற அழகைக் கண்டு மகிழ்ந்து, ஓரத்திலே சரி அடையாளமும் இட்டுக் கொடுத்தோம்.

கூட்டத்துக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் மருத்துவர். கட்டுரை முடிந்ததும் அவர் எழுந்து, "தம்பி, நன்றாகப் படித்தீர். சிஸ்ற்றிக் பைப்ரோசிஸ் நோயுள்ள பிள்ளையின் மூச்சை அளந்தாலும் இக்கணக்குப் பொருந்துமா?" என்று கேட்டார். மாணவன் எம்மை நோக்கினான். யாம் நிலத்தை நோக்கினோம். அந்நோயுள்ள பிள்ளைகளிடத்தில் இவ்வாயு குறைவாகவே காணப்படும் என்றும், நுரையீரல் சீழும் சளியுமாக அழற்சியுற்றுக் கிடக்கும் வேளையிலும் அளவு ஏறுவதில்லை என்றும் அவர் அமைதியாக விளக்கினார். தமிழ் சரியாயிருந்தது, பொருள் பிழைத்தது. அதன்பின் கிடைத்த நேரமெல்லாம் அப்பொருளைத் தேடிப் படித்தோம். படித்ததில் எமக்குத் தெளிந்தவற்றை ஈண்டுத் தருகின்றோம். மருத்துவம் கற்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர் என்பது தெரிந்தே எழுதுகின்றோம். பிழை காணின் அவர்கள் திருத்துக.

நைதரசன் அணு ஒன்றும் ஒட்சிசன் அணு ஒன்றும் கூடியதே நைத்திரிக்கொட்சைட்டு. மின்னல் வெட்டும்போது வானத்திலே இது பிறக்கின்றது. மோட்டார் வண்டிகளின் புகையிலும் வெளிப்படுகின்றது. 1772 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தைச் சேர்ந்த யோசேப்பு பிரீஸ்ற்லி என்பார் இதனைத் தனியே பிரித்து ஆராய்ந்தார். பல் பிடுங்கும்போது மருத்துவர் மணக்கக் கொடுக்கும் சிரிப்பு வாயு நைத்திரசு ஒட்சைட்டு, அது வேறு. ஓரெழுத்து மாறினாற் பொருள் மாறுமென்று வகுப்பறையில் யாம் நாள்தோறும் சொல்வதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாகும்.

இருநூறு ஆண்டுகள் இவ்வாயுவை நஞ்சென்றும் மாசென்றுமே உலகம் கருதியது. குருதிக் குழாய்களின் உட்சுவரிலிருந்து ஏதோ ஒன்று வெளிப்பட்டு அக்குழாய்களைத் தளரச் செய்கின்றதென 1980 ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய ரொபேட் பேர்ச்கொட் கண்டறிந்தார். அந்த 'ஏதோ ஒன்று' இவ்வாயுவே என்பது சில ஆண்டுகளின் பின் துணியப்பட்டது. 1998 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு பேர்ச்கொட், இக்னாறோ, முராட் ஆகிய மூவருக்கும் இதன்பொருட்டே வழங்கப்பட்டது. பரிசை நிறுவிய அல்பிரட் நோபெல் நைத்திரோகிளிசரினைக் கொண்டு வெடிமருந்து செய்து பொருளீட்டியவர். தம் இறுதிக் காலத்திலே இதயநோயுற்றபோது மருத்துவர் அவருக்கு விதித்த மருந்தும் அதே நைத்திரோகிளிசரின்தான். அது உடலினுள்ளே நைத்திரிக்கொட்சைட்டை வெளிவிடுவதனாலேயே குருதிக் குழாய்களை விரிக்கின்றதென்பதை முராட் 1977 இற் காட்டினார்.

சுவாசக் குழாய்களிலும் இவ்வாயு ஆக்கப்படுகின்றது. அங்கே அதற்குத் தொழில் பல. குழாயைச் சூழ்ந்த தசையைத் தளர்த்துகின்றது. சளியை மேனோக்கித் தள்ளும் நுண்மயிர்களின் அசைவைத் தூண்டுகின்றது. உட்புகும் கிருமிகளைக் கொல்லுதற்கும் உதவுகின்றது. இதில் ஒரு சிறு பங்கு வெளிமூச்சோடு கலந்து வெளியேறுகின்றது. முயல், கினிப்பன்றி, மனிதர் ஆகியோரின் வெளிமூச்சில் இதனை அளந்து காட்டிய ஆய்வு சுவீடனிலிருந்து 1991 இல் வெளிவந்தது. தொய்வு நோயாளரின் மூச்சிலே இது மிகுந்திருக்கின்றது என 1993 இல் அந்நாட்டவரே கண்டனர். எம் மாணவன் எழுதிய வாக்கியத்தின் வேர் அதுவே. தொய்விலே ஒவ்வாமை சார்ந்த அழற்சி, குழாய்ச் சுவரிலுள்ள நொதியம் ஒன்றைத் தூண்டிவிடுகின்றது. அந்நொதியம் ஆர்ஜினின் என்னும் அமினோவமிலத்திலிருந்து இவ்வாயுவை மிகுதியாக ஆக்குகின்றது. அழற்சி தணிக்கும் மருந்தை உறிஞ்சத் தொடங்கியதும் அளவு இறங்குகின்றது. ஆகவே தொய்வைப் பொறுத்தவரை அவன் வாக்கியம் பெரும்பாலும் பொருந்தும்.

இதனை அளக்கும் முறையும் அறியத்தக்கது. அளவோ மிக நுண்ணியது. மூச்சுக்காற்றின் நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்றே கணக்கிடுவர். பிள்ளைகளிடத்தில் 20 பங்குக்குக் குறைந்தால் தாழ்வென்றும், 35 பங்குக்கு மேற்பட்டால் உயர்வென்றும் 2011 இல் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் வரையறுத்தது. இவ்வளவு சிறிய பொருளைப் பிடிக்க ஓசோன் உதவுகின்றது. நைத்திரிக்கொட்சைட்டும் ஓசோனும் கூடும்போது சிறிது ஒளி பிறக்கும். அவ்வொளியை எண்ணினால் வாயுவின் அளவு கிடைக்கும். கையிற் கொண்டு செல்லத்தக்க சிறு கருவிகள் வேறு முறையால், மின்னிரசாயன உணரி கொண்டு அளக்கின்றன.

பிள்ளை முதலில் இவ்வாயு நீக்கப்பட்ட காற்றை நிறைய உள்ளிழுக்க வேண்டும். தெருவிலே வாகனப் புகை கலந்த காற்றில் மூச்சிலுள்ளதினும் பன்மடங்கு இருக்கக்கூடும் ஆதலின் இவ்வேற்பாடு. பின்பு விநாடிக்கு 50 மில்லிலீற்றர் என்னும் ஒரே வேகத்தில், நிறுத்தாமல் ஊத வேண்டும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை 4 விநாடியாவது ஊத வேண்டும். மூத்தோர் 6 விநாடிக்கு மேல் ஊத வேண்டும். வேகம் மாறினால் எண்ணும் மாறிவிடும். உவர்நிலத்தினூடே ஓடும் வாய்க்கால் நீர் மெல்ல ஓடினால் உப்பை மிகுதியாகக் கரைத்துக்கொள்ளும். விரைந்து ஓடினால் உவர்ப்புக் குறையும். குழாய்ச் சுவரைத் தழுவிவரும் மூச்சும் அவ்வாறே. பூரகத்துக்கும் கும்பகத்துக்கும் ரேசகத்துக்கும் 16, 64, 32 என மாத்திரை வகுத்துத் திருமூலர் திருமந்திரத்திற் சொன்னார். அவர் நோக்கம் வேறு. எனினும் ரேசகத்தை அளவோடு விடுதல் எத்துணைக் கடினம் என்பதைப் பிராணாயாமம் பயின்ற மாணவர் அறிவர். ஏழு வயதுப் பிள்ளையை அவ்வாறு ஊதச் செய்தற்குத் திரையிலே படமொன்றைக் காட்டி, அது மேலேயும் ஏறாமற் கீழேயும் விழாமல் நிற்கும்படி ஊது என்பார்கள். பிள்ளைக்கு அது விளையாட்டு.

இங்கே இலக்கணம் கற்பிப்போர்க்கு இனிப்பான ஒரு செய்தி உண்டு. மூக்கை அடுத்த எலும்புக் குடாக்களிலே இவ்வாயு நுரையீரலிலுள்ளதினும் மிகமிக அதிகம். அக்காற்று வாய்வழி வரும் மூச்சிற் கலந்தால் கணக்கு முழுதும் கெடும். ஆகவே சிறு தடையொன்றை எதிர்த்து ஊதச் செய்கின்றனர். எதிர்த்து ஊதும்போது மெல்லண்ணம் மேலெழுந்து மூக்கின் வழியை அடைத்துவிடுகின்றது. வல்லெழுத்தை ஒலிக்கும்போதும் மெல்லண்ணம் அவ்வாறே வழியை அடைக்கின்றது. மெல்லெழுத்தை ஒலிக்கும்போது தாழ்ந்து வழிவிடுகின்றது. மெல்லினத்துக்கு மூக்கை இடமாகச் சொன்ன நன்னூலாரின் கருத்தை மாணவர்க்கு விளக்குதற்கு இதனினும் நல்ல சான்று எமக்குக் கிட்டவில்லை. இனி நோய்க்கு வருவோம்.

சிஸ்ற்றிக் பைப்ரோசிஸ் என்பது பெயராற் பொருள் விளங்காத நோய். பிணச்சோதனையிலே சதையியில் நீர்க்கட்டிகளும் நார்த்தன்மையும் காணப்பட்டமையால் அப்பெயர் வந்தது. நியூயோர்க்கிலே டொறதி அண்டர்சன் என்னும் பெண் மருத்துவர் 1938 இல் அதனைத் தனி நோயென வகுத்துரைத்தார். அதற்கு முன்பும் நோய் இருந்தது. முத்தமிடும்போது நெற்றி உப்புக்கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்பது ஐரோப்பிய மக்களிடையே வழங்கிய பழைய நம்பிக்கை. அந்நம்பிக்கையின் உண்மை 1948 இலே வெளிப்பட்டது. அவ்வாண்டு நியூயோர்க்கிற் கடும் வெப்பம் வீசியபோது இந்நோயுற்ற குழந்தைகள் பலர் உடல்நீர் வற்றி மருத்துவமனைக்கு வந்தனர். போல் டி சாந்தன்யேசே என்னும் மருத்துவர் அவர்களின் வியர்வையை ஆராய்ந்து, அதில் உப்பு அளவுக்கு மிஞ்சியிருத்தலை 1953 இல் வெளியிட்டார். இன்றும் நோயைத் துணிதற்குச் செய்யும் முதன்மையான சோதனை வியர்வைச் சோதனையே. வியர்வையின் குளோரைட்டு லீற்றருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேற்படின் நோய் பெரும்பாலும் உறுதி.

உப்பு ஏன் மிகுகின்றது? கலங்களின் மென்சவ்விலே குளோரைட்டு அயன் போய்வரும் வாயில் ஒன்று உண்டு. அவ்வாயிலை அமைக்கும் பரம்பரையலகு 7 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றதென்று கனடாவிலும் அமெரிக்காவிலும் உழைத்த லாப் சீ சூயி, யாக் றியோர்டன், பிரான்சிஸ் கொலின்ஸ் ஆகியோர் 1989 இற் கண்டறிந்தனர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெறும் பிள்ளைக்கே நோய் வரும். பெற்றோர் நலமாகவே இருப்பர். தாம் அதனைச் சுமப்பதை அறியார். வாயில் பழுதுபட்டால் சுவாசக் குழாயின் உட்புறத்தை நனைக்கும் நீர் குறைகின்றது. சளி தடித்துப் பிசினாகின்றது. நுண்மயிர்கள் அதனைத் தள்ளமாட்டாமல் ஓய்கின்றன. தேங்கிய குளத்திற் பாசி பிடிப்பதுபோல, தேங்கிய சளியிற் கிருமிகள் குடியேறுகின்றன. ஐரோப்பிய வழிவந்தோரிடையே ஏறக்குறைய 2,500 முதல் 3,500 பிறப்புக்கு ஒன்றாக இந்நோய் காணப்படுகின்றது. தெற்காசியரிடையே அரிது, ஆனால் இல்லையென்று சொல்லுதற்கில்லை. நாட்பட்ட இருமலும் மெலிவும் உள்ள பிள்ளையைத் தொய்வு, சயம் என்று கருதி ஆண்டுக்கணக்காக மருந்து கொடுத்தபின் உண்மை தெரியவந்ததும் உண்டு.

1950 களிலே இந்நோயோடு பிறந்த குழந்தைகளிற் பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதை அடையவில்லை. இவ்வொரு வரியை வாசித்தபின் சில நாள் மற்ற எதனையும் வாசிக்க எமக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்திலேயே காலம் கழிப்பவர்க்கு இவ்வரியின் கனம் தெரியும். இந்நாளில், மருத்துவ வசதியுள்ள நாடுகளில், அத்தகைய பிள்ளைகள் கற்று, வேலை செய்து, மணமுடித்து, நடுவயதையும் கடக்கின்றனர். ஆயினும் இந்நோயுள்ள இரு பிள்ளைகள் ஒரே வாங்கில் அருகருகே இருத்தல் ஆகாது. ஒருவரின் கிருமி மற்றவரைத் தொற்றும் ஆதலின் குறைந்தது 6 அடித் தூரமாவது விலகியிருக்க வேண்டுமென்று மருத்துவர் விதிப்பர். தம் துயரை முற்றும் அறியக்கூடிய ஒரே தோழனைத் தொட்டு விளையாட முடியாத குழந்தைகள் அவர்கள்.

குடியேறும் கிருமிகளுக்கும் ஒரு வரிசை உண்டு. சிறு வயதில் ஸ்ரபிலோகொக்கசு முதலியன முந்தும். வயது ஏற ஏற, சூடோமோனாசு ஏருஜினோசா என்னும் கிருமி நுரையீரலைத் தன் வீடாக்கிக் கொள்ளும். அது பச்சை நிறம் கக்குவது. தன்னைச் சுற்றிக் கோழைபோன்ற போர்வையொன்றை நெய்துகொண்டு அதனுள்ளே கூட்டமாக வாழ்வது. அப்போர்வைக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எளிதிற் புகாது. வெண்குருதிச் சிறுதுணிக்கைகள் படைபடையாக வந்து பொருதி மடிய, அவற்றின் சிதைவும் சளியோடு சேர்ந்து அதனை மேலும் தடிக்கச் செய்கின்றது. இடையிடையே நோய் முற்றி இருமலும் மூச்சுமுட்டும் ஓங்கும்போது பிள்ளையை மருத்துவமனையிற் சேர்த்து, இரு கிழமை அளவிற்கு நாளத்தின் வழியே மருந்து செலுத்துவர்.

இத்துணை அழற்சி உள்ள இடத்தில் நைத்திரிக்கொட்சைட்டு மிகுந்திருக்க வேண்டும் என்றுதானே எவரும் எண்ணுவர்? ஆய்வாளரும் அவ்வாறே எண்ணினர். ஆனால் இந்நோயுற்ற பிள்ளைகளின் மூக்குக் காற்றிலே இவ்வாயு குறைந்திருத்தலை 1996 இல் இலண்டன் மருத்துவர் அறிவித்தனர். வாய்வழி வெளிமூச்சிலும் குறைவென்பதை 1997 இல் ஜேர்மனியைச் சேர்ந்த கிராசுமன் என்பாரும் அவர் துணைவரும் வெளியிட்டனர். வீட்டுக்குள்ளே தீ எரிகின்றது. கூரையின் மேலே புகையைக் காணோம். புகை எங்கே போயிற்று?

இவ்வினாவுக்குக் கிடைத்த விடை ஒன்றன்று. முதலாவது, புகையே குறைவாகத்தான் பிறக்கின்றது. வாயுவை ஆக்கும் நொதியத்தை நோயுற்ற சுவாசக் குழாயின் மேலணிக் கலங்கள் போதிய அளவு தோற்றுவிப்பதில்லை என்பதை 1998 இல் கெலி, டிறம் ஆகிய இருவர் எலிகளிலும் மனிதக் கலங்களிலும் காட்டினர். இக்குறை தொற்றின் விளைவு மட்டுமன்று. பழுதுபட்ட பரம்பரையலகோடு தொடர்புடையது. இரண்டாவது, விறகு களவு போகின்றது. விறகாவது முற்கூறிய ஆர்ஜினின். சளியிலே மிகுந்துள்ள ஆர்ஜினேசு என்னும் வேறொரு நொதியம் அதனை வேறு வழிக்கு இழுத்துச் சிதைத்துவிடுகின்றது. இந்த ஆர்ஜினேசின் பெரும்பகுதி கிருமியோடு போராட வந்த வெண்குருதிச் சிறுதுணிக்கைகளிலிருந்தே வருகின்றது. காக்க வந்த படையே களஞ்சியத்தைச் சூறையாடினாற்போல. 2005 இல் வெளிவந்த ஆய்வொன்று, சளியில் ஆர்ஜினேசு மிகுந்தோரிடத்தில் வெளிமூச்சு வாயு குறைந்திருத்தலையும், மருந்து செலுத்தியபின் ஆர்ஜினேசின் வலி தணிதலையும் காட்டிற்று.

மூன்றாவது, பிறந்த புகையும் வெளியே வருவதில்லை. தடித்த சளியைக் கடந்து வருமுன்னரே வாயு வேறு சேர்வைகளாக மாறிச் சளியிலேயே தங்கிவிடுகின்றது. வெளிமூச்சைக் குளிர்வித்துப் பெற்ற நீரிலே நைத்திரைற்று என்னும் சேர்வை மிகுந்திருத்தல் இதற்குச் சான்றாகும். வாயுவாய்க் குறைவு, நீரிலே மிகை. ஆகையால் வாயுவை மட்டும் நோக்கியவர் கண்ட குறைவு முழுக்கணக்கு அன்று. நாலாவது காரணமே எம்மை மிக வியப்பித்தது. தடித்த சளிக்குள் ஒட்சிசன் செல்லாது. காற்றின்றி வாழ நேர்ந்த சூடோமோனாசு, ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்று, நைத்திரைற்று, நைத்திரிக்கொட்சைட்டு என்பவற்றைப் பயன்படுத்திச் சுவாசிக்க வல்லது. தன்னைக் கொல்ல எறிந்த படைக்கலத்தையே உணவாக்கிக்கொள்ளும் அரக்கரைப் புராணங்களிற் கேட்டிருக்கின்றோம். ஈண்டு அது கண்கூடு.

இந்நான்கனுள் எது முதன்மை என்னும் வழக்கு ஆய்வாளரிடையே நெடுநாள் நடந்தது. பிள்ளைக்குப் பிள்ளை பங்கு வேறுபடும் என்று கொள்ளுதலே பொருத்தமென எமக்குத் தோன்றுகின்றது. ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டால் கீழ்வரும் ஆய்வு விளங்காது.

இலண்டனிலே நோய் முற்றி மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் வெளிமூச்சை, நாளத்தின் வழியே மருந்து செலுத்துமுன்னும் செலுத்தியபின்னும் அளந்து, 2003 இல் முடிபை வெளியிட்டனர். தொற்று அடங்கும்போது தொய்வுக்காரரின் அளவு இறங்குவதுபோல இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? இறங்கவில்லை, ஏறிற்று. பிள்ளை தேற, எண் உயர்ந்தது. மேற்சொன்னவற்றோடு வைத்து நோக்கினால் இதில் மருட்கைக்கு இடமில்லை. மருந்தினாற் கிருமி குறைகின்றது. வெண்குருதிச் சிறுதுணிக்கை குறைய ஆர்ஜினேசு குறைகின்றது. சளி இளகி வழிவிடுகின்றது. சிறிதளவு பிறக்கும் வாயுவும் தடையின்றி வெளியே வருகின்றது. தொய்விலே ஏறினால் தீமை, இறங்கினால் நன்மை. இங்கே ஏறுதலே நன்மை. ஒரே கருவி, ஒரே வாயு, ஒரே எண். நோய் மாறியதும் பொருள் தலைகீழாயிற்று.

இவ்வளவு கேட்டவர், அப்படியாயின் இவ்வெண்ணைக் கொண்டே நோயைத் துணியலாமே என்பர். அது இயலாது. நலமுள்ள பிள்ளைகளிடமும் அளவு பெரும்பாலும் 20 பங்குக்குக் குறைவே. நோயுள்ளோரின் அளவு அதனினும் சில பங்கு தாழ்ந்திருக்கும். இரு கூட்டமும் ஒன்றன்மேலொன்று கவிந்து கிடக்கின்றன. ஒரு பிள்ளையின் எண்ணை மட்டும் கண்டு, இவன் இக்கூட்டம் என்று சொல்ல முடியாது. அதே பிள்ளையின் முந்திய எண்ணோடு ஒப்புநோக்கினால் ஓரளவு பயனுண்டு. இந்நோயோடு ஒவ்வாமையும் தொய்வும் சேர்ந்துள்ள பிள்ளையிடத்தில் ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க, எண் நடுவே நின்று மருத்துவரை மயக்கும். ஆகையால் சிஸ்ற்றிக் பைப்ரோசிஸ் நோயிலே இச்சோதனை நாளாந்த மருத்துவத்தில் இடம்பெறவில்லை. ஆய்வுக்கூடத்தின் துணையாகவே நிற்கின்றது. கீரை, பீற்றூற் முதலிய நைத்திரேற்று மிகுந்த உணவை உண்டு வந்தால் எண் ஏறும். புகைப்பவர்க்கு இறங்கும். வலிந்து ஊதும் மற்றைச் சுவாசச் சோதனையை முன்னே செய்தாலும் இறங்கும். ஆதலின் இதனையே முதலிற் செய்ய வேண்டும். மத்தியானம் கீரைக்கறியோடு சோறுண்ட பிள்ளையின் மூச்சை அளந்து முடிபு சொல்லும் மருத்துவர் யாம் இட்ட சரி அடையாளத்தையே இடுகின்றார்.

குறைந்த வாயுவை ஈடுசெய்தால் என்ன என்னும் எண்ணமும் எழுந்தது. ஆர்ஜினினை வாய்வழி கொடுத்துப் பார்த்தனர். வெளிமூச்சு வாயு ஏறிற்று, நுரையீரலின் வலி கூடவில்லை. புகையாக்கி ஒருமுறை உறிஞ்சச் செய்தபோது வாயுவும் ஏறிற்று, மூச்சின் வலியும் சிறிது கூடிற்று என்று 2006 இல் அறிவித்தனர். நைத்திரிக்கொட்சைட்டையே மிகச் சிறிய அளவிற் சுவாசிக்கக் கொடுத்தால் சூடோமோனாசின் போர்வை குலைந்து, மருந்து உட்செல்ல வழியாகின்றது என்னும் கருத்தும் உண்டு. இங்கிலாந்திலே 12 நோயாளரைக் கொண்டு செய்த சிறிய சோதனை 2017 இல் வெளிவந்தது; நம்பிக்கை தரும் அடையாளங்கள் அதில் உண்டு. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் வழக்கமான மருந்தாகவில்லை.

பெரிய மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. பழுதுற்ற வாயிலையே திறக்கச் செய்யும் மருந்துகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் முதலாவதாகிய ஐவாகாப்ரர் 2012 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நோயாளரிற் சிறு பகுதியினர்க்கே பயன்பட்டது. மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மருந்து 2019 இல் வந்தது; அது அங்குள்ள நோயாளரிற் பெரும்பாலோர்க்குப் பொருந்துவது. இம்மருந்தினால் இருமலை மறந்த பிள்ளைகள் பலர். ஐவாகாப்ரர் உட்கொண்டவரின் வெளிமூச்சை அளந்தபோது நைத்திரிக்கொட்சைட்டு ஏறியிருந்ததென்று 2015 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வாயில் திறந்ததும் புகை வந்தது. அப்பரம்பரையலகுக்கும் இவ்வாயுவுக்கும் உள்ள தொடர்பை இதனினும் நேராகக் காட்டிய சான்றை யாம் காணவில்லை. ஆனால் அக்கூட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2019 இல் விதித்த விலை ஆண்டொன்றுக்கு 3 இலட்சம் டொலருக்கு மேல். செல்வ நாடுகளுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு வியர்வைச் சோதனை கிட்டுதலே பெரும் பேறாயிருக்கையில், இம்மருந்தைப் பற்றி என் சொல்வது!

கூட்டத்தன்று எழுந்து கேட்ட மருத்துவரை ஓராண்டு கழித்து மீண்டும் கண்டோம். தாம் வெளிநாட்டிற் பயிற்சி பெற்ற காலத்தில் அந்நோயுள்ள சிறுமி ஒருத்தியின் மூச்சை அளந்ததுண்டு என்றார். எண் மிகத் தாழ்ந்திருக்கக் கண்டு, தொய்வு நோயாளரையே பார்த்துப் பழகிய கண்ணாதலின், "நல்லது" என்று தாம் வாய்தவறிச் சொல்லிவிட்டதாகவும், அருகிலிருந்த தாய் முகம் மலர்ந்ததாகவும், மூத்த மருத்துவர் உடனே திருத்தியபோது அம்முகம் வாடியதைத் தாம் மறக்கவில்லை என்றும் கூறினார். அன்று கூட்டத்தில் அவர் எழுந்து கேட்டதன் காரணம் அப்பொழுதே எமக்கு விளங்கிற்று.

எம் மாணவன் இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இருக்கின்றான். அவன் கட்டுரையின் பிரதி எம்மிடம் இருந்தது. ஓரத்தில் இட்ட சரி அடையாளத்தை அடித்துவிட்டு, அதன் கீழே, "தொய்வு நோயில் இவ்வாயு மிகுந்திருப்பின் அழற்சி உண்டு, சிஸ்ற்றிக் பைப்ரோசிஸ் நோயிலே தொற்று ஓங்கும்போது குறையவும், தணியும்போது ஏறவும் காணலாம்" என்றெழுதி அவனுக்கு அனுப்பினோம். வாக்கியம் முன்னையதுபோல் அழகாக இல்லை. "சேர், இதில் ஒரு சந்திப்பிழை உண்டு" என்று மறுமொழி வந்தது. பார்த்தோம், இல்லை. விளையாட்டுக்கு எழுதியிருக்கின்றான்.